நீலப் பெட்டிக்குக் கிடைத்த வேலை

தையல்காரியின் கணவர் பெயருக்குத்தான் ஒரு கணக்கர் அலுவலகத்தில் வேலை பார்த்தார். அவர் உயிர் முழுக்க மூலையறையில் கிடந்தது. அலுவலகங்கள் கழித்துப் போட்ட குட்டி சர்வர் கம்ப்யூட்டர் பெட்டிகளை வாரிக்கொண்டு வருவார். பல் விளக்கும் பிரஷ்ஷால் தூசி தட்டி, உப்பிப்போன கெப்பாசிட்டர்களை மாற்றி, ஏதோ சாதித்தவர்போல அடுக்கி வைப்பார். அதிலே ஒரு நீலப் பெட்டிதான் அவருடைய செல்லம். ஒவ்வொன்றும் ஒரு குண்டு பல்பு அளவுக்குக்கூடக் கரண்டு குடிக்காதாம். வழி கேட்டு வந்தவனிடமும் இதைச் சொல்லாமல் விடமாட்டார்.

"ஒண்ணு கம்மியாத்தான் குடிக்கும் அத்தான். நீங்க ஒரு ஊரையே குடிவச்சிருக்கீங்களே!" என்று அவள் தம்பி சிரித்தான்.

"உனக்கெல்லாம் இது புரியாதுடா."

யார் எது கேட்டாலும் இதே பதில்தான்.

அவளுடைய எம்பிராய்டரி மெஷின் சமையலறை வாசலில் இடிபட்டுக் கிடந்தது. முதல்முறையாக ஒரு மருத்துவமனையிலிருந்து பெரிய ஆர்டர் வந்தது. செவிலியர் சீருடைகளில் முத்திரை தைக்க வேண்டும். கண் எரிய எரிய அந்த முத்திரையைக் கம்ப்யூட்டரில் தையல் தையலாக வரைந்தாள்.

"என் நீலப் பெட்டியில போட்டு வை. வீடே இடிஞ்சாலும் அதுல இருக்கறது போகாது" என்றார் அவர். அவள் அவரை நம்பிய ஒரே தடவை அதுதான்.

தைக்க உட்கார்ந்த அன்று பெட்டி காலியாக இருந்தது. அவரோ வாயெல்லாம் பல்லாக வந்தார்.

"அதோட பழைய சாஃப்ட்வேர் சிடி கிடைச்சிடுச்சு! எல்லாத்தையும் அழிச்சு மறுபடி ஏத்திட்டேன். கம்பெனியிலருந்து வந்தப்ப எப்படி இருந்துச்சோ, அப்படியே இருக்கு!"

"என் முத்திரை எங்கங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். "கம்பெனியிலருந்து வர்றப்ப அது இல்லையே..."

இந்த மனிதரிடம் கத்துவதும் சுவரிடம் கத்துவதும் ஒன்றுதான். மருத்துவமனைக்குப் போன் போட்டுக் கெஞ்சி ஒரு வாரம் தவணை வாங்கினாள். தம்பியைக் கூப்பிட்டு மூலையறை மேசையை ஒழித்தாள். மெஷின் உள்ளே போனது, பெட்டிகள் கட்டிலுக்கு அடியில் போயின. முத்திரையை மறுபடி முதலிலிருந்து வரைந்தாள்.

நீலப் பெட்டியை மட்டும் மேசையிலேயே வைத்துக்கொண்டாள். துணியை விரித்து, ஓரம் நகராமலிருக்க அதைத் தூக்கி மேலே வைத்தாள்.

"ஐயோ, மெதுவா! எவ்வளவு அபூர்வமானது தெரியுமா?"

கத்தரிக்கோலை நிறுத்தாமலே சொன்னாள்: "இப்பதாங்க உருப்படியா ஒரு வேலை செய்யுது. கரண்டும் குடிக்கல பாருங்க."