கொண்டை ரப்பரும் கிடாரியும்

எங்கள் எஸ்டேட் ஊரான புக்கிட் ரோத்தானில் என் அக்காவின் கிடாரி காணாமல் போனது, அது தலைக்கன்று போடவேண்டிய வாரத்தில். அக்காவின் வீட்டுக்காரர், என் மாமா, புட்டிப்பால் கொடுத்து வளர்த்த மாடு. அவர் இறந்த பிறகு அக்காவுக்கு அதுதான் ஆறுதல். மேயப் போனது திரும்பவில்லை என்று காலையில் என் வாசலில் வந்து நின்றாள்.

"தம்பி, அந்தப் பறக்குறத எடுடா. சினை மாடு லா, எங்க விழுந்து கிடக்கோ!"

என் டிரோன் சோற்றுத்தட்டு அளவுதான். அதன் கேமரா நேரே பார்த்தால் வானம் தெரியும். நேர்க்கீழே திருப்பி ஒட்டினால் வெறும் செம்பனை மரங்களின் மட்டைதான். சாய்த்தால்தான் மர வரிசைகளுக்கு நடுவே தரை தெரியும். எவ்வளவு சாய்ப்பது என்பது பறக்கும்போதுதான் புரியும். அதனால் கேமராவை அசைக்க ஒரு சின்ன மோட்டாரை வைத்து, அலுமினியத் தகட்டை வளைத்துத் தாங்கி செய்தேன். பாரம் தாங்காமல் டிரோன் கோழி மாதிரி ஒரு குதி குதித்துக் கவிழ்ந்தது.

"இதுக்கு என் மாடே தேவல. நாலடி நடக்கவாவது செய்யும்."

எனக்குக் கோபம் மூக்கின்மேல் வரும். ஸ்க்ரூ டிரைவரை வீசி எறிந்தேன். அக்கா அதைப் பொறுக்கிவந்து என் கையில் வைத்தாள்.

தகட்டைத் தூக்கிப் போட்டேன். நாசி லெமாக் சோறு கட்டிவந்த வெள்ளை டப்பாவின் மூடியை வெட்டி, ஐஸ்கிரீம் குச்சியை ஒட்டினேன். கேமராவை இழுத்துப் பிடிக்க ரப்பர் வேண்டும். வீட்டிலிருந்ததெல்லாம் இற்றுப்போய் அறுந்தன. என் கண் அக்காவின் கொண்டைக்குப் போனது.

"கடைசியில என் தலையிலயே கை வெச்சிட்டியாடா!" என்றபடி உருவித் தந்தாள்.

டிரோன் ஜம்மென்று ஏறியது. ரிமோட்டில் குமிழைத் திருப்பத் திருப்ப, கேமரா மெல்லத் தலை குனிந்தது. எஸ்டேட் வாய்க்கால் ஓரம் நாலைந்து கொக்குகள்.

"பக்கத்துல மாடு இல்லாம கொக்கு சும்மா நிக்காதுடா!" அவிழ்ந்த கூந்தலோடு ஓடினாள்.

கிடாரி வயிறுவரை சேற்றில் கிடந்தது. பக்கத்து லயத்து வரிசை வீட்டு ஆட்கள் கயிறு கட்டி இழுத்தார்கள், அவர்கள் நல்லா இருக்கணும். மறுநாளே கன்று போட்டது. கன்றுக்குட்டி தள்ளாடி எழுந்தபோது, "உங்க மாமா பாக்கக் குடுத்து வைக்கலயேடா" என்று அழுதாள். நானும் அழுதேன், இதிலென்ன வெட்கம்.

ஊரெல்லாம் தம்பியால்தான் மாடு கிடைத்தது என்கிறாள். நன்றி நானல்லவா சொல்ல வேண்டும்? மாமா போனதிலிருந்து அவளுக்கு என்ன செய்வதென்றே தெரியாமல் இருந்தவன் நான்.

புது ரப்பர் ஒரு பாக்கெட் வாங்கிப்போய், டிரோனில் இருக்கும் பழையதைக் கழற்றித் தரவா என்று கேட்டேன்.

"அது அங்கயே இருக்கட்டும். நீ எதையாச்சும் வீசுனா எடுத்துக் குடுக்க நானும் இங்கதான் இருக்கேன்."