ரொல்ஃபை எந்தத் தட்டிலை வைக்கிறது?

சிடிக் கடையிலை வேலை எண்டால் நாள் முழுக்கப் பாட்டுக் கேக்கலாம் எண்டு நினைப்பியள். உண்மையிலை, பாட்டுக் கேக்கிற ஆக்களின்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறதுதான் அந்த வேலை.

கடையிலை நிண்டு நிண்டு கால் வீங்கின உங்களுக்கெல்லாம் இது விளங்கும். இரண்டாயிரத்துச் சொச்சத்திலை, ஒஸ்லோவிலை, குறொன்லாண்டிலையிருந்து ரெயில் ஸ்ரேசனுக்குப் போற வழியிலை இருந்தது நான் வேலை செய்த கடை. சுவரோரமா ஹெட்போனுகள் தொங்கும். வாறவை அதைக் காதிலை கொழுவிக்கொண்டு கண்ணை மூடி நிப்பினம். வெளியிலை பனி கொட்டும். உள்ளுக்கை ஒரு சத்தமுமில்லை, ஆனால் ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு கனவிலை தலையை ஆட்டிக்கொண்டு நிப்பினம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அதைப் பாத்தால் எனக்கும் கண் சொருகும்.

பேர் இருக்கிற இடம்

ரொல்ஃப் எண்டு ஒரு பழைய றொக் பாட்டுக்காரர். தொண்டை கிழியக் கத்திப் பேர் எடுத்தவர். அவற்றை குழு உடைஞ்சு கனகாலம். ஒரு குளிர்காலம் திடீரெண்டு தனிய ஒரு சிடி போட்டார், முழுக்கக் கண்ட்ரிப் பாட்டு. கண்ட்ரி எண்டால் பெரிய ஆர்ப்பாட்டம் ஒண்டுமில்லை. ஒரு கிட்டார், ஒரு வயலின், தனிய வண்டி ஓட்டிக்கொண்டு போற ஒருத்தன் தனக்குத்தானே கதைக்கிற மாதிரி இருக்கும். நான் நொர்வேயின்ரை வடக்கிலை, பாட்ஸ்பியோர்ட்டிலை மீன் வெட்டின காலத்திலை தொழிற்சாலை ரேடியோவிலை வேலை முடியுமட்டும் அதுதான் போகும். கை விறைச்சுப் போய் நிக்கேக்கை அது ஒண்டுதான் ஆறுதல்.

அதாலை நான் ரொல்ஃபின்ரை சிடியைக் கண்ட்ரித் தட்டிலை வைச்சன். முதலாளி எடுத்து றொக் தட்டிலை வைச்சார். நான் திருப்பி வைச்சன். அவரும் விடேல்லை. கடைசியிலை என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஆக்கள் பாட்டை வாங்கிறேல்லை, பேரைத்தான் வாங்குகினம். பேர் இருக்கிற இடத்திலை வை."

பழுதில்லாத சிடி

முதலாளி சொன்னது சரிதான், பேரைப் பாத்து வாங்கிச்சினம். பிறகு திருப்பிக்கொண்டும் வந்திச்சினம். தோல் ஜக்கற் போட்ட ஒருத்தர், தாடியெல்லாம் நரைச்சுப்போச்சு, சிடியைக் கொண்டுவந்து மேசையிலை வைச்சார். பழுதோ எண்டு கேட்டன். போட்டுப் பாத்தன், நல்லாத்தான் பாடுது. வயலின் வாற இடத்திலை அவர் கையைக் காட்டி நிப்பாட்டினார். பிறகு அவர் சொன்னார்: "பழுதில்லை. எனக்கு வயசு போட்டுது எண்டு இவன் சொல்லுறான். அதை நான் காசு குடுத்துக் கேக்கவேணுமோ?"

தன்ரை தட்டைப் பாக்க வந்தவர்

பாட்டுக்காரர் எல்லாருக்கும் ஒரு பழக்கம் இருக்கு. தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு களவா வந்து, தங்கடை சிடி எங்கை இருக்கெண்டு பாப்பினம். ஆரும் பாக்காத நேரம் அதை முன்னுக்கு எடுத்து வைச்சிட்டுப் போவினம். நாங்களும் காணாத மாதிரி நிப்பம்.

ரொல்ஃபும் வந்தார். ஆனால் சிடியைத் தொடவேயில்லை. நேரை என்னட்டை வந்து, ஸ்வைனைத் தெரியுமோ எண்டு கேட்டார். பழைய குழுவிலை கிட்டார் வாசிச்ச ஸ்வைனைத் தெரியாதவை ஆர் இருக்கினம்? குழு உடைஞ்ச நாளிலையிருந்து இரண்டு பேருக்கும் கதை பேச்சில்லை. தன்ரை ரெலிபோன் நம்பரை ஒரு துண்டிலை எழுதித் தந்திட்டு நிண்டார். அந்த மனுசனைப் பாக்க எனக்குப் பாவமா இருந்தது. நொர்வேக்காரருக்கு எல்லாருமே 'நீ'தான், அப்பிடித்தான் என்னோடையும் கதைச்சார்: "எத்தினை வித்ததெண்டு எனக்குச் சொல்லாதை. ஸ்வைன் வந்து இந்தப் பாட்டைக் கேட்டானெண்டால் மட்டும் எனக்குச் சொல்லு."

சரோ அக்கா துக்கம் விசாரிச்சது

ஹவுகெட்டோவிலை இருக்கிற சரோ அக்கா, வேலை முடிஞ்சு குறொன்லாண்டிலை மரக்கறி வாங்கிக்கொண்டு, ரெயில் வருமட்டும் குளிருக்கு ஒதுங்க எங்கடை கடைக்கு வருவா. ஒருநாள் நான் சும்மா ரொல்ஃபின்ரை சிடியைப் போட்டு ஹெட்போனைக் கொழுவி விட்டன். பாட்டு இங்கிலீசு, அவவுக்கு ஒரு சொல்லும் விளங்காது. இரண்டு மூண்டு பாட்டுக் கேட்டிட்டுக் கழட்டினா. முகமே மாறிப்போச்சு.

"ஆர் தம்பி செத்தது?" எண்டா. ஒருத்தரும் சாகேல்லை அக்கா எண்டன். அவ நம்பேல்லை. அந்த நேரம் பாத்து ரொல்ஃப் உள்ளுக்கை வாறார். பாடினவர் இவர்தான் எண்டு நானும் வாய் விட்டிட்டன். எங்கடை ஆக்கள் துக்கம் எண்டு தெரிஞ்சாப் பிறகு விசாரிக்காமல் போவினமோ? கீரைப் பையைத் தோளிலை மாட்டிக்கொண்டு நேரை போய், அவற்றை கையை இரண்டு கையாலையும் பிடிச்சா. ஆர் உங்களுக்கு, எப்ப நடந்தது, நோய் வருத்தமோ எண்டு தெரிஞ்ச நொர்வேஜியனிலை ஒண்டொண்டாக் கேட்டா. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு.

ரொல்ஃப் சிரிக்கேல்லை. ஆள் உயிரோடைதான் இருக்கிறான், ட்ராமிலை கண்டால் மற்றப்பக்கம் திரும்பி நிப்பான் எண்டார். கண் கலங்கிப்போச்சு. சரோ அக்கா கையை விடாமலே என்னைப் பாத்துத் தமிழிலை சொன்னா: "செத்தவீடெண்டால் ஊரே போகும். இதுக்கும் ஆரும் ஒராள் போகத்தானே வேணும், நீர் என்ன தம்பி பாத்துக்கொண்டு நிக்கிறீர்?"

இரண்டு ஹெட்போன்

ஸ்வைன்ரை வீட்டுக்குப் போக நான் ஆர்? ஆனால் அவரும் பாட்டுக்காரர்தானே, எப்பவாவது தன்ரை தட்டைப் பாக்க வரத்தான் செய்வார். பழைய குழுவின்ரை சிடியளுக்கு முன்னாலை ரொல்ஃபின்ரை சிடி ஒண்டை வைச்சன். முதலாளி கண்டார், எடுத்து மாத்தேல்லை.

பனி உருகித் தெருவெல்லாம் தண்ணியாக் கிடந்த ஒரு பின்னேரம் ஸ்வைன் வந்தார். சிடியை எடுத்தார், வைச்சார், திரும்ப எடுத்தார். நான் அதைப் போட்டு ஹெட்போனைக் குடுத்திட்டு, பின்னுக்குப் போய் ரொல்ஃபுக்கு ரெலிபோன் அடிச்சன். கடைசிப் பாட்டுப் போகேக்கை ரொல்ஃப் ஓடிவந்தார், காலிலை வீட்டுச் செருப்பு. சிடி போடுற பெட்டியிலை இரண்டு ஹெட்போன் கொழுவலாம். மற்றதை அவரிட்டைக் குடுத்தன்.

இரண்டு பேரும் பக்கத்திலை பக்கத்திலை, சுவரைப் பாத்தபடி நிண்டிச்சினம். பின்னேர வெயில் கண்ணாடியாலை வந்து இரண்டு பேரிலையும் விழுந்தது. பாட்டு முடிஞ்சும் கழட்ட மனமில்லாமல் நிண்டிட்டு, ஸ்வைன் சொன்னார்: "இவ்வளவு வருசம் உனக்குப் பக்கத்திலை நிண்டும் உன்ரை குரலை இண்டைக்குத்தான் கேக்கிறன். நான் அவ்வளவு சத்தமா வாசிச்சிருக்கிறன்."

வியாபாரமெண்டு பாத்தால் அந்த சிடி படுதோல்விதான். வாங்கவேண்டிய ஆள் வாங்கிக்கொண்டு போனாப் பிறகு, மிச்சத்தை முதலாளி பெட்டியிலை கட்டித் திருப்பி அனுப்பிப்போட்டார்.