பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு அம்மை குத்தப் போனேன்

அம்மை குத்தும் வேலையில் மருந்துப் பெட்டியைச் சுமப்பது சுலபம், வீட்டாரைச் சமாளிப்பதுதான் முதுகை ஒடிக்கும். அதிலும் பிள்ளைத்தாய்ச்சிக்குக் குத்தப் போய் வசவு வாங்கிய தாதிமார்களே, உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பெண்கள் ஆண் ஊழியரிடம் கை நீட்டத் தயங்கியதால், ராமநாதபுரம் சீமையில் பெரியம்மை கண்ட ஊர்களுக்கெல்லாம் என்னையும் அனுப்பினார்கள்.

கேட்க வேண்டிய ஆள்

கமுதிப் பக்கம் விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரி வீடு. மருமகள் ஏழு மாதம். அடுத்த தெருவில் ஒருவருக்கு அம்மை முத்துப் போட்டிருந்தது. குத்தினால் கை வீங்கும், காய்ச்சல் வரும், குத்தாமல் அம்மை கண்டால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று இரண்டையும் மறைக்காமல் சொன்னேன். மாமனார், மகன் சந்தையிலிருந்து வரட்டும் என்றார். மிளகாய் விற்றுவிட்டு வந்த மகன், அய்யா சொன்னால் சரி என்றான். அய்யா மறுபடியும் மகனைக் கைகாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கதவுக்குப் பின்னால் நின்றவளிடம் யாருமே கேட்கவில்லை. அவளே வெளியே வந்து, கையை என் முன்னால் நீட்டினாள். "வலிக்கப் போறது எனக்கு. வயித்துல இருக்கறதும் எம்பிள்ள. நாஞ் சொல்றேன், குத்துங்கக்கா."

ஒரே ஒரு கேள்வி

தேவிபட்டினத்தில் கடலாட வந்தவர்களை வரிசையில் நிறுத்திக் குத்திக்கொண்டிருந்தோம். வரிசையில் ஒரு கர்ப்பிணி. முதல் பிள்ளை வயிற்றில் தங்காமல் போனவள். இது இந்தப் பிள்ளையைப் பாதிக்குமா என்று என் மேலதிகாரியிடம் மெதுவாகக் கேட்டாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். அவள் உதறிவிட்டு, ஈரச் சேலையோடு கூட்டத்துக்குள் ஓடிவிட்டாள். தேடிப் போனேன், கிடைக்கவில்லை. பயந்தவளுக்கு இரண்டு வார்த்தை சொன்னால் என்ன என்று அவரிடம் சண்டைக்கு நின்றேன். அவர் அடுத்த கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஒவ்வொருத்திக்கும் பதில் சொல்லிக்கிட்டிருந்தா பொழுது சாயுறதுக்குள்ள வேலை முடியுமாம்மா?"

விடுபட்ட தெரு

அபிராமத்துக்குப் பக்கத்துக் கிராமம். ஊர்ப் பெரியவர் தன் வீட்டு முற்றத்திலேயே எங்களை உட்கார வைத்தார். நிலபுலம் உள்ள வீட்டுப் பெண்கள் வந்து குத்திக்கொண்டார்கள். கூலிக்காரர் தெருவுக்கும் போக வேண்டும் என்று எழுந்தேன். எல்லாரும் பருத்திக் காட்டில் இருக்கிறார்கள், வந்ததும் சொல்லி அனுப்புகிறேன் என்றார். சொல்லி அனுப்பவேயில்லை. பக்கத்து ஊர்களை முடித்துவிட்டு, மூன்று வாரம் கழித்து நானே அந்தத் தெருவுக்குப் போனேன்.

காளியம்மாள் என்கிற நிறைமாதக்காரி வேப்பிலைமேல் படுத்திருந்தாள். உடம்பு முழுக்க முத்து. அவள் புருஷன், நாங்கள் வந்த சேதியே தங்களுக்குத் தெரியாது என்றான். மற்றவர்களுக்குக் குத்திவிட்டு அவளோடேயே இருந்தேன். பிள்ளை செத்துப் பிறந்தது. அவள் பிழைத்தாள், ஒரு கண் போயிற்று. பிள்ளை என்ன நிறம் என்று மட்டும் என்னிடம் கேட்டாள்.

நேரே பெரியவர் வீட்டுக்குப் போய், ஏன் சொல்லி அனுப்பவில்லை என்று கேட்டேன். என் குரல் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். அவர் வெற்றிலையை மடித்தபடியே பதில் சொன்னார். "அவுக வந்து எங்கிட்டக் கேக்கவே இல்லையேம்மா."

இத்தனை வருஷ உத்தியோகத்தில், ஊசி போடக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு காலைப்பொழுது போதுமாயிருந்தது, ஊசிக்கும் கைக்கும் நடுவில் நிற்கிறவர்களை விலக்கத்தான் மிச்சக் காலமெல்லாம் போயிற்று.