ஓடிப்போன அப்பாவுக்கு உவமை இல்லை

என் அண்ணன் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறான். ஜன்னலுக்கும் மேசைக்கும் அளவெடுத்துக் கண்ணாடி வெட்டிப் பொருத்துவது அவன் தொழில். வெட்டும் கருவியின் குட்டிச் சக்கரத்தை எண்ணெயில் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். பாதியில் தயங்கினால் கண்ணாடி தன் இஷ்டத்துக்கு உடையும். அங்கே அவ்வளவு பொறுமையாக இருப்பவன், வீட்டுக்கு வந்தால் ஓரிடத்தில் உட்கார மாட்டான். சாப்பிடும்போதும் கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

அவனைக் கொஞ்சமாவது கட்டிப்போட்டது வேதாகம ஆராய்ச்சிக்கான ஒரு மென்பொருள். திரையில் ஒரு பக்கம் பழைய மொழிபெயர்ப்பு, மறுபக்கம் புதியது, கீழே விளக்கவுரை. ஒரு சொல்லைத் தேடினால் அது வரும் வசனமெல்லாம் வரிசைகட்டி நிற்கும். வசனத்துக்கு நிறம் பூசலாம், ஓரத்தில் குறிப்பு எழுதலாம். அந்தப் பலத்தில்தான் ஓர் இணையக் குழுவில் வாதாடுவான். லஞ்சம் கேட்கும் இடத்தில் என்ன செய்வது, பொய் சொல்லச் சொல்லும் முதலாளியிடம் எப்படி வேலை பார்ப்பது என்று விசுவாசிகள் பேசிக்கொள்ளும் குழு அது. அங்கே அவனுக்குக் 'கண்ணாடி பிரதர்' என்று பெயர். அவனிடம் வசனம் கேட்டால் கேட்டவர் கண் சிமிட்டுவதற்குள் போட்டுவிடுவான்.

ஒரு திங்கட்கிழமை கடைக்குத் தொலைபேசி வந்தது. பேசியவர் எங்கள் அப்பா. நான் தவழ்ந்துகொண்டிருந்தபோது எங்களை விட்டு வேறொரு குடும்பம் அமைத்துக்கொண்டு போனவர். அந்தக் குடும்பமும் இப்போது இல்லை. இடுப்பு எலும்பில் அறுவை சிகிச்சை முடிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். வெள்ளிக்கிழமை வெளியே அனுப்பிவிடுவார்கள். எங்கள் வீட்டுக்கு வரலாமா என்று கேட்டிருக்கிறார்.

அண்ணன் இதை என்னிடம் மட்டும் சொன்னான். "அம்மாகிட்ட மூச்சு விடாதே. முதல்ல நான் ஒரு முடிவுக்கு வரேன்."

முடிவுக்கு வர அவன் குழுவிடம் போனான். 'என் நண்பன் ஒருவனுக்கு' என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் எழுதினான். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் முதலில் வந்தார்: "தகப்பனைக் கனம்பண்ணச் சொன்ன கட்டளைல 'நல்ல தகப்பனா இருந்தா'ன்னு எங்கயும் போடலை பிரதர்." லாரி ஓட்டுநர் ஒருவர் விடவில்லை: "சொந்த வீட்டைக் கவனிக்காதவனைப் பத்தியும் வேதம் பேசுது வாத்தியாரே. அந்தப் பக்கத்தை எலி தின்னுடுச்சா?" ஒரு நர்ஸ் மட்டும் வசனம் எதுவும் போடாமல் கேட்டார்: "தினமும் காலைல அவரைத் தூக்கி உட்கார வைக்கப்போறது யாரு? அவங்களைக் கேட்டாச்சா?" வசனம் இல்லாத பதில் என்பதால் அண்ணன் அதைத் தாண்டிப் போய்விட்டான்.

தகப்பன் என்று தேடினான், மன்னிப்பு என்று தேடினான். அப்பா வரலாம் என்கிற வசனத்துக்குப் பச்சை, கூடாது என்பதற்குச் சிவப்பு, ஓரத்தில் காரணக் குறிப்பு. காலையில் பச்சையாக இருந்தது மாலையில் சிவப்பாகும். கடையில் ஒரு நிலைக்கண்ணாடியைக் குறைத்து வெட்டிவிட்டான். "என்னப்பா, வெயில்ல கண்ணாடி சுருங்கிடுச்சா?" என்று முதலாளி கேட்டாராம்.

"ஊதாரிப் பையன் திரும்பி வந்த கதை இருக்கே, அதுல பதில் கிடைக்காதா?" என்றேன்.

"அதுல ஓடிப்போனது மகன். அப்பன் வாசல்லயே நிக்கிறான். இங்க ஓடிப்போனதே அப்பன். அதுக்கு வேதத்துல உவமைக் கதை இல்லை, தேடிப் பார்த்துட்டேன்." சிரிக்கத்தான் சொன்னான். ஆனால் எழுந்து போய், ஏற்கெனவே மூடியிருந்த குழாயை இன்னொரு முறை இறுக்கி மூடினான்.

வியாழக்கிழமை சாயங்காலம் அம்மா வேலை முடிந்து வந்தாள். கைப்பையைக் கூட இறக்கி வைக்காமல் போனை அண்ணன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"நாலு நாளா என் பைபிள்ல யாருடா ஹோலி விளையாடுறது?"

அண்ணனுக்கு முகம் வெளுத்தது. அம்மாவுக்குக் கண் சரியில்லை என்று, பெரிய எழுத்தில் படிக்க அதே மென்பொருளை அவள் போனில் போட்டுக் கொடுத்தவன் அவன்தான். புதுக் கணக்குத் திறக்கச் சோம்பல்பட்டுத் தன் கணக்கிலேயே திறந்துவிட்டிருந்தான். இவன் இங்கே பூசிய நிறமும் எழுதிய குறிப்பும் அங்கே பஸ்ஸில் அம்மா மடியில் போய் விழுந்திருக்கின்றன.

"படிச்சிட்டியாம்மா?"

"எழுத்துதான் பெருசாச்சே, படிக்காம? 'நடக்க முடியாத அப்பா இங்கே வந்தால் அம்மா தாங்க மாட்டாள்'னு ஒரு இடத்துல. 'அம்மா மன்னிச்சிடுவாள்'னு இன்னொரு இடத்துல. நான் தாங்குவேனா மாட்டேனான்னு யாருகிட்ட கேட்ட?"

"குழுவுல..." என்று வாயைத் திறந்துவிட்டேன். அண்ணன் என்னை முறைத்தான்.

"ஓ, குழுவா! முகம் தெரியாதவங்க எல்லாம் ஓட்டுப் போட்டாச்சு. விட்டுட்டுப் போன ஆளோட குடும்பம் நடத்தினவ அடுப்படியிலதானே இருக்கேன், நாலு எட்டு நடந்து வந்து கேட்க முடியலையா?"

"உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதாம்மா."

"கஷ்டம்தான். அதுக்காக என்னை ஊமையாக்குவியா?" அம்மா இப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். குரல் இறங்கியது. "அவரை நான் மன்னிச்சு ரொம்ப நாளாச்சு. ஆனா இந்த வீட்டுக்குள்ள வேண்டாம். அவரைத் தூக்கி உட்கார வைக்க என் கை வராது. இது எந்த நிறம்னு நீயே பார்த்துக்கோ."

நாலு நாளாக அண்ணன் தேடிய முடிவு இதுதான் என்று நினைத்தேன். ஆனால் அவன் கண் கலங்கியது.

அம்மா கவனித்தாள். "உனக்கு என்னடா வேணும்? வசனம் வேண்டாம், வாயால சொல்லு."

"எனக்கு அவரைப் பார்க்கணும்மா."

"அதை யார் தடுத்தா? போய்ப் பாரு. வீட்டுக்கு வர முடியாதுன்னு நீயே நேர்ல சொல்லு. போன்ல சொல்லாதே."

அன்று அண்ணன் குழுவில், அந்த நண்பன் தான்தான் என்று எழுதினான். பிறகு அந்த நர்ஸிடம், நடக்க முடியாதவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஏதாவது தெரியுமா என்று கேட்டான். அவர் ஒரு விலாசம் அனுப்பினார். வாத்தியார் நீளமாக ஏதோ எழுதியிருந்தார். அண்ணன் அதைப் படிக்கவில்லை.

மறுநாள் நானும் கூடப் போனேன். வார்டின் கடைசிக் கட்டிலில் ஒரு மெலிந்த மனிதர், சவரம் செய்து, சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டுத் தயாராக இருந்தார். பக்கத்தில் கட்டி வைத்த பை. நான் அவரிடம் என் முகத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை.

அண்ணன் கட்டிலருகே உட்கார்ந்தான், எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக வரலைப்பா," என்றான். "வேற இடம் பார்த்திருக்கேன். நானே கொண்டுபோய் விடுறேன்."

அவர் அந்தப் பையைப் பார்த்தார். "உங்கம்மா சொன்னாளா?"

"ஆமா. கேட்டேன், சொன்னாங்க."

"சரியாத்தான் சொல்லியிருக்கா," என்றார். பிறகு கட்டிலிலிருந்து இறங்க ஒரு கையை நீட்டினார். அண்ணன் அவர் தோளுக்குக் கீழே கைகொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவரைத் தூக்கி நிறுத்தினான்.