அம்மா விட்டுவிடும் வரி

எனக்கு எட்டு வயது நடந்துகொண்டிருந்தபோது, என் அம்மாவுக்கு ஞாபகசக்தி குறைந்துவருகிறது என்ற முடிவுக்கு நான் வந்திருந்தேன். ஊருக்குள் இருக்கும் எங்கள் தமிழ்ச் சபையில் ஞாயிறுதோறும் எல்லோரும் எழுந்து நின்று பரமண்டல ஜெபத்தைச் சேர்ந்து சொல்வோம். அம்மாவுக்குத் தாழ்ந்த குரல். ஆனாலும் பக்கத்திலேயே நிற்கும் எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்கும். பாதி ஜெபம் கடந்ததும் ஒரு வரியில் மட்டும் அந்தக் குரல் நின்றுவிடும். பிறர் நமக்குச் செய்த தீங்கை நாம் மன்னிப்பதுபோல நம்மையும் மன்னிக்கும்படி கேட்கிற வரி அது. சபை அதைச் சொல்லி முடிக்கும்வரை அம்மா கண்களை மூடி, உதடுகளைச் சேர்த்து நிற்பார். பிறகு, நிறுத்தத்தில் காத்திருந்தவர் பேருந்தில் ஏறிக்கொள்வதைப்போல, அடுத்த வரியில் நிதானமாகச் சேர்ந்துகொள்வார்.

நானோ அந்த ஜெபத்தைத் தடுமாறாமல் சொன்னதற்காக ஞாயிறு பள்ளியில் பென்சில்பெட்டி பரிசு வாங்கியவள். பெற்ற தாய் ஒரு வரியை மறந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. அந்த இடம் வரும்போதெல்லாம், பள்ளி நாடகத்தில் திரைக்குப் பின்னிருந்து வசனம் எடுத்துக்கொடுக்கும் ஆசிரியையைப்போல, அவர் பக்கம் தலையைச் சாய்த்து அந்த வரியைச் சற்று உரக்கச் சொல்வேன். அம்மா என் விரல்களை மெல்ல அழுத்துவார். அதை நன்றி என்று எடுத்துக்கொண்டேன். இருந்தும் அடுத்த ஞாயிறு மறுபடி மறந்துவிடுவார். வீட்டில் அவர் துணி தேய்க்கும்போதும், கீரை ஆய்கிறபோதும் எதேச்சையாகச் சொல்வதுபோல் அந்த வரியைச் சொல்லிப் பார்த்தேன். பலன் இல்லை. இது மனிதர்களால் ஆகும் காரியமல்ல என்று தோன்றியது.

நாங்கள் தீவுப் பக்கம், ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பின்னாலிருந்த அடுக்குமாடியில் குடியிருந்தோம். சபைக் குடும்பங்களில் சில அந்த வட்டாரத்திலேயே இருந்ததால், வெள்ளிக்கிழமை மாலைகளில் முறைவைத்து ஒவ்வொரு வீட்டிலும் ஜெபக்கூட்டம் நடக்கும். பாட்டு முடிந்ததும் போதகர் ஒவ்வொருவரிடமும் ஜெபக் குறிப்பு கேட்பார். எதற்காக ஜெபிக்க வேண்டுமோ அதைச் சொல்லலாம். பிள்ளைகளையும் விடமாட்டார். மகனுக்குப் பரீட்சை, தொழிற்சாலையில் ஷிப்ட் மாற்றம், விடாத இருமல், அடிக்கடி நின்றுபோகும் வேன் என்று குறிப்புகள் வரும். சொல்லக்கூடியவை மட்டுமே சொல்லப்பட்டன என்பது அப்போது எனக்குத் தெரியாது. இறுதியில் எல்லோரும் பரமண்டல ஜெபம் சொல்லி முடிப்பார்கள். அதன்பின் சாப்பாடு.

எங்கள் வீட்டின் முறை வந்த ஒரு வெள்ளிக்கிழமை, மாலை வெயில் தணியாத நேரத்தில், மாமா வந்தார். அம்மாவின் ஒரே அண்ணன். பாலம் தாண்டிப் பெருநிலத்தில் இருக்கும் பைராம் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர் என்று கேள்விப்பட்டிருந்தேனே தவிர, அவர் எங்கள் வீட்டு வாசலில் நின்று நான் பார்த்ததில்லை. நெற்றியில் விபூதி, கையில் ஒரு துணிப்பை. லோரி ஓட்டுபவருக்கு இருக்க வேண்டும் என்று நான் எண்ணியிருந்த பருமன் அவரிடம் இல்லை. அம்மா இரும்புக் கதவைத் திறக்காமல் கம்பிகளுக்கு இந்தப் பக்கம் நின்றார். அப்பா பின்னாலிருந்து வந்தார்.

"நான்தான் வரச் சொன்னேன். காலையில ஏழு மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரியில நிக்கணுமாம். தோட்டத்துலேருந்து எப்படி வருவாரு? உள்ள வாங்க மச்சான்."

அம்மா பூட்டைத் திறந்தார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மாமா குடித்துவிட்டு, நாளை வார்டில் சேர்க்கிறார்கள் என்றும், நெஞ்சைத் திறந்து அடைப்பை எடுக்க வேண்டுமாம் என்றும், பாதித் தண்ணீர் மிச்சமிருந்த குவளையைப் பார்த்தபடி சொன்னார். அம்மா "ம்" என்றார். பிறகு சமையலறைக்குள் போய், கூட்டத்துக்காக அரிசி நூடுல்ஸான மீகூனைப் பிரட்டத் தொடங்கினார். வீட்டுக்கு உறவினர் வந்தால் பேச்சுச் சத்தம் கூடும் என்பதுதான் என் அனுபவம். அன்று சட்டியில் கரண்டி உரசும் சத்தம் மட்டும் கூடியது.

சபையார் வந்து பாயில் உட்கார்ந்ததும் மாமா எழுந்துகொண்டார்.

"நீங்க கும்பிடுங்க. நான் கீழ கோப்பிக்கடையில இருக்கேன்."

நீண்ட ஜெபத்துக்குப் பேர்போன ஓர் ஆன்ட்டி எங்கள் சபையில் உண்டு. அவர் ஜெபித்து முடிப்பதற்குள் குழம்பு ஆறிவிடும் என்று அப்பாவே சொல்வார். அந்த ஆன்ட்டிதான் மாமாவைத் தடுத்தார்.

"கோப்பிக்கடையில என்னண்ணே இருக்கு? இங்க மீகூன் இருக்கு. உட்காருங்கலா."

"கொஞ்சம் சீக்கிரம் முடிச்சிருவோம்" என்றார் போதகர், ஆன்ட்டியைப் பார்க்காமல். எல்லோரும் சிரித்தார்கள். மாமா கதவோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். நாங்கள் விரல்களைக் கோத்துக்கொண்டோம். அவர் உள்ளங்கைகளைச் சேர்த்து மார்புக்கு நேரே குவித்துக்கொண்டார்.

பாட்டு முடிந்து குறிப்புகள் வந்தன. அப்பா, மாமாவின் அறுவைச் சிகிச்சைக்காக ஜெபிக்கச் சொன்னார். அம்மா தமக்கு ஒன்றுமில்லை என்றார். என் முறை வந்தது. பல நாட்களாக மனத்தில் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை எழுந்து நின்று தெளிவாகச் சொன்னேன்.

"பரமண்டல ஜெபத்துல அம்மாவுக்கு ஒரு வரி எப்பவும் மறந்துபோவுது. அது அவங்களுக்கு ஞாபகம் வரணும்."

ஆன்ட்டி மெச்சும் குரலில் எது என்று கேட்டார். நான் சொன்னேன். பரிசு வாங்கிய அன்று சொன்னதைப்போல், ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி முழுவதுமாகச் சொன்னேன். யாராவது என் உச்சரிப்பைப் பாராட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். எல்லோரும் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மறக்கல, பாஸ்டர்" என்றார் அம்மா. அவர் குரலில் கோபம் இல்லை. "நல்லா ஞாபகம் இருக்கு. மனசுல இல்லாதத வாயால சொல்லி ஆண்டவர ஏமாத்த வேணாம்னு விட்டுடுறேன்."

அம்மா அந்த வரியைச் சொல்லாமல் விடும்போது தமக்கான மன்னிப்பையும் கேட்காமலே விடுகிறார் என்பது அங்கிருந்த பெரியவர்கள் அனைவருக்கும் விளங்கியிருக்கும். ஞாயிறுக்கு ஞாயிறு, அத்தனை பேருக்கு நடுவில், மன்னிக்கப்படாதவராக நிற்க அவர் தாமே முடிவு செய்திருந்தார். நீளமாக ஜெபிக்கும் ஆன்ட்டி தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

அப்போதுதான் கதவோரத்திலிருந்து மாமா அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நான் கேட்டிராத பெயர். அம்மாவுக்கு ஞானஸ்நானத்தின்போது வைத்த பெயரைத்தான் நானும் சபையும் அறிவோம். இது ஓர் அம்மனின் பெயர். அம்மா சட்டென்று திரும்பினார். என் அம்மாவுக்குள்ளிருந்து, பின்னலை முன்னால் போட்டுக்கொண்ட ஒரு தோட்டத்துச் சிறுமி திரும்பிப் பார்த்ததைப்போல் இருந்தது.

"அந்த வரி என்னாலதான் நிக்குது, இல்ல?" என்றார் மாமா.

பிறகு அவர் போதகரைப் பார்த்துப் பேசினார். அம்மாவைப் பார்த்துச் சொல்ல அவரால் முடியவில்லை என்று நினைக்கிறேன். தாத்தா இறந்தபோது தங்கைக்குச் சொல்லி அனுப்பாதது தாம்தான் என்றார். சபை ஆட்கள் வந்து பாட்டுப் பாடுவார்கள், தோட்டத்து ஆட்கள் எதிர்ப்பார்கள், பிணத்தை வைத்துக்கொண்டு சண்டை மூளும் என்று பயந்தாராம். பெயரை மாற்றிக்கொண்டவள் எங்கள் வீட்டுப் பெண் இல்லை என்று ஊர்முன் சொன்னதும் தாம்தான் என்றார். எரித்து முடித்த பிறகுதான் தொலைபேசியில் அழைத்திருக்கிறார். இவ்வளவும் அம்மாவுக்கு முன்பே தெரியும். அவர் முகம் மாறவில்லை.

"இன்னொன்னு இருக்கு. நெஞ்ச அறுக்கப் போறாங்க. சொல்லாமப் போயிட்டா அதுவும் என்கூடவே போயிரும்." மாமா குவித்த கைகளைப் பிரிக்கவே இல்லை. "அப்பா உடனே சாவல. ரெண்டு நாள் கிடந்தாரு. புள்ளயக் கூப்பிடு, புள்ளயக் கூப்பிடுன்னு இவளத்தான் கேட்டாரு. வந்துக்கிட்டிருக்கா, பாலத்துல டிராபிக் ஜேம்னு சொன்னேன். நம்பிக்கிட்டே போனாரு."

இது அம்மாவுக்குத் தெரியாது.

அவர் அழவில்லை. தரையில் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டார், அவ்வளவுதான். அப்பா அவர் தோளைத் தொடக் கை நீட்டி, தொடாமல் எடுத்துக்கொண்டார். ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியின் சத்தத்தில், மாமா இங்கே வந்தது மன்னிப்புக் கேட்கவா, அல்லது மன்னிக்கவே முடியாதபடி எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டுப் போகவா என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. மாமாவுக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

"பரமண்டல ஜெபம் சொல்லி முடிப்போம்" என்றார் போதகர். அவர் செய்ததிலேயே மிகச் சிறந்த பிரசங்கம் அதுதான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

எழுந்து நின்றோம். மாமாவும் எழுந்தார். தகப்பனை அழைத்துத் தொடங்குகிற அந்த ஜெபத்தில் அம்மாவின் குரல் அன்று முதல் சொல்லிலேயே கம்மியது. பிறகு தேறியது. வரிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சென்றன. அந்த இடம் வந்தபோது, அறையிலிருந்த அத்தனை பேரும் ஒரே கணத்தில் நின்றுவிட்டார்கள். யாரும் யாருக்கும் சைகை காட்டவில்லை. பழக்கதோஷத்தில் நான் மட்டும் இரண்டு சொற்கள் சொல்லிவிட்டு, என் குரலை நானே தனியாகக் கேட்டுப் பயந்து நிறுத்தினேன்.

அப்படி ஒரு மௌனத்தை அதற்குமுன் நான் அறிந்ததில்லை. பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் வாசலில் செருப்பைத் தேடிக் காலால் துழாவுவது கேட்டது. கீழே சாலையில் பேருந்து ஒன்று மூச்சுவிட்டு நின்று, ஆட்களை இறக்கி, மறுபடி கிளம்பியது. அறைக்குள் எவரும் இருமவில்லை, அசையவில்லை. எங்களைத் தவிர இன்னும் யாரோ ஒருவர் அங்கே நின்று, அவசரமில்லாமல் காத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. அண்ணாந்து பார்க்க ஆசையாகவும் அச்சமாகவும் இருந்தது. பார்க்கவில்லை.

அம்மா சொன்னார்.

அது சபையில் கேட்கும் குரல் அல்ல. சுமை தூக்கிப் படியேறுகிறவர் ஒவ்வொரு படியிலும் நின்று அடுத்த காலை எடுத்துவைப்பதைப்போல, சொல்லுக்குச் சொல் நின்று நின்று வந்தது. நான் மனப்பாடமாக அறிந்த அதே சொற்கள்தாம். ஆனால் அவற்றை முதன்முறையாகக் கேட்பதாகவே எனக்குப் பட்டது. இதற்குமுன் யாரும் சொல்லியிராத ஒன்றை அம்மா தாமே உண்டாக்கிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. அதைச் சொன்னது எங்கள் சபை அறிந்த பெயருக்கு உரியவரா, சற்றுமுன் திரும்பிப் பார்த்த அந்தச் சிறுமியா என்று கேட்டால் எனக்கு இன்றும் விடை தெரியாது. இருவரையும் ஒரே பிள்ளையாக அறிந்த ஒருவரிடம் அது சொல்லப்பட்டது என்பது மட்டும் நிச்சயம்.

மிச்ச வரிகளையும் அம்மா தனியாகவே சொல்லி முடித்தார். ஆமென் மட்டும் எல்லோருடையதுமாக இருந்தது. மாமாவும் சொன்னார்.

மறுநாள் காலை, இருட்டு விலகும்போதே, அம்மா வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு மாமாவோடு மருத்துவமனைக்குப் போனார். மாமா பிழைத்தார். நெற்றியில் விபூதியோடு வந்தவர் விபூதியோடுதான் தோட்டத்துக்குத் திரும்பினார். அதைப் பற்றி யாரும் பேசவுமில்லை. அதன்பின் பண்டிகை நாட்களில் நாங்கள் பைராமுக்குப் போவதும், அவர் இங்கு வருவதும் வழக்கமாயின.

எனக்கோ என் ஜெபம் கேட்கப்பட்டுவிட்டதில் அளவற்ற பெருமிதம். அடுத்த ஞாயிறு சபையில் அம்மாவை ஒட்டி நின்றுகொண்டு அந்த வரிக்காகக் காத்திருந்தேன். அந்த வரி வந்தது. அம்மாவின் குரல் நின்றது. கண்களை மூடி, உதடுகளைச் சேர்த்து, பழையபடி நின்றார்.

நான் அதிர்ந்துபோனேன். அவ்வளவு பேர் கூடி ஜெபித்து வரவழைத்த ஞாபகம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லையே என்று துக்கமாக இருந்தது. அதற்கடுத்த சில ஞாயிறுகளில் சொன்னார். பிறகு விட்டார். மாமா வந்து சிரித்துப் பேசி, அம்மா கையால் சாப்பிட்டுவிட்டுப் போன வாரத்தில்கூட விட்டதுண்டு. ஒன்றும் விசேஷமில்லாத ஏதோ ஒரு ஞாயிறன்று, அதே சுமையைத் தூக்கிக்கொண்டு, படிப்படியாகச் சொல்லியதும் உண்டு. ஒருமுறை வந்துவிட்ட ஞாபகம் ஏன் போய்ப் போய் வர வேண்டும் என்று எனக்கு விளங்கவே இல்லை. அம்மா வாய் திறக்காத ஞாயிறுகளில் அவருக்கும் சேர்த்து நானே அந்த வரியை உரக்கச் சொல்லிவைத்தேன். எனக்கு அது தடையில்லாமல், பிழையில்லாமல், மிகச் சுலபமாக வந்தது.