குடை செய்யும் சாமுராயும் ஜெனிற்றாவும்

கருவாட்டு மணத்தோடுதான் அந்த ஜப்பானிய வாள்வீரன் எனக்கு அறிமுகமானான். பாரிஸில், லா சப்பலில் அப்பா வேலை செய்த பலசரக்குக் கடையின் பின்னறையில், பள்ளிக்கூடம் இல்லாத புதன்கிழமைகளில், அரிசி மூட்டைகளின் மேல் நானும் ஜெனிற்றாவும் ஒட்டி உட்கார்ந்து, நூலகத்தில் எடுத்த மங்கா என்னும் ஜப்பானியப் படக்கதைப் புத்தகங்களை, அவற்றின் முறைப்படியே பின்பக்கத்திலிருந்து புரட்டுவோம். அம்மாவுக்கு அவை வெறும் "படப்புத்தகம்". கடைக்கு வருகிற மாமிமார் "பிள்ளையள் தலைகீழாப் படிக்குதுகள்" என்று சிரிப்பார்கள்.

ஜெனிற்றா மன்னாரிலிருந்து வந்தவர்களின் மகள். பாரிஸை ஒட்டிய ஒபர்வில்லியேயில் எங்கள் வீட்டுக்குக் கீழ்மாடியில் இருந்தார்கள். இருவரும் ஒரே வகுப்பு. பெரியவர்களோடு தமிழ், எங்களுக்குள் எப்போதும் பிரெஞ்சு. அந்தப் புத்தகங்களில் வந்த வாள்வீரன், எங்கள் சாமுராய், தன் பிரபுவை இழந்தவன். வாளைக் கூரைக்குள் ஒளித்துவிட்டுக் குடை செய்து விற்றுப் பிழைத்தான். எத்தனை பாகம் போனாலும் அவன் சிரிக்கவில்லை. ஒருநாள் சிரிப்பான் என்று ஜெனிற்றாவும், மாட்டான் என்று நானும் வகுப்பில் ஆசிரியை எங்களைப் பிரித்து உட்காரவைக்கும் அளவுக்கு வாதாடியிருக்கிறோம்.

எங்களுக்குப் பன்னிரண்டு வயதான கோடையில், அந்தக் கதையை உண்மையான மனிதர்களை வைத்துப் படமாக எடுத்துவிட்டார்கள் என்றும், இலையுதிர் காலத்தில் பாரிஸில் திரையிடப்போகிறார்கள் என்றும் தெரிந்தது. எந்த வரிசையில் உட்காருவது என்பதுவரை பேசிவைத்தோம். அதே கோடையில்தான் ஜெனிற்றா வீட்டாருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது. அந்நாட்களில் அது கிடைத்த பல குடும்பங்களைப் போல, "பிள்ளையள் இங்கிலீசிலை படிக்கட்டும்" என்று அவர்களும் லண்டனுக்குக் கிளம்பினார்கள்.

நான் அழுத அழுகையில், யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாத அப்பா கீழே இறங்கிப்போய் ஜெனிற்றாவின் அப்பாவிடம் கேட்டார்.

"படம் வரும்வரைக்கும் பிள்ளை எங்களோட நிக்கட்டும். பிறகு நானே கொண்டுவந்து விடுறன்."

"அங்கை பள்ளிக்கூடத்திலை இடம் எடுத்தாச்சு, அண்ணை. பிந்தினால் வேறை ஆருக்கும் குடுத்திடுவினம்."

அப்பா திரும்பிப் படியேறி வந்துவிட்டார். சாமான் வண்டியின் முன்னிருக்கையிலிருந்து ஜெனிற்றா, படத்தின் முடிவை வேறு எவருக்கும் சொல்வதற்கு முன் தனக்குச் சொல்லவேண்டும் என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டு போனாள்.

படத்துக்கு அப்பாதான் கூட வந்தார், கடைச் சட்டையோடு. திரையின் அடியில் வந்த பிரெஞ்சு எழுத்துகள் அவர் படித்து முடிப்பதற்குள் ஓடி மறைந்தன. சாமுராயின் தலைமயிர் பொய்மயிர் என்பது அப்பட்டமாகத் தெரிந்தது. ஆனால் கடைசிக் காட்சியில், நனைந்துகொண்டு நின்ற ஒரு சிறுமியிடம் குடையை நீட்டிவிட்டு அவன் சிரித்தான். ஜெனிற்றாவைக் கிள்ளுவதற்கு என் கை தானாகப் பக்கத்தில் நீண்டது. அங்கே அப்பாவின் கை இருந்தது. அன்று மாலையே தொலைபேசியில் முழுக் கதையையும் சொன்னேன். தான் வென்றதாக ஜெனிற்றா துள்ளுவாள் என்று நினைத்திருந்தேன். அவளோ, படம் லண்டனுக்கு வராதாம் என்று மட்டும் சொன்னாள்.

பிறகு பேச்சுக் குறைந்தது. சண்டை எதுவும் இல்லை. அவளுடைய பிரெஞ்சில் ஆங்கிலம் ஏறி, ஆண்டுகள் போகப்போகப் பிரெஞ்சே தேய்ந்தது. என் ஆங்கிலமோ பரீட்சைக்கு எழுதுகிற ஆங்கிலம். கடைசியில் இருவருக்கும் பொதுவாக மிஞ்சியது தமிழ்தான். அது பெரியவர்களோடு பேசுவதற்கென்று கற்ற தமிழ். அதில் சுகம், புதினம் விசாரிக்கலாம், சாப்பாடு கேட்கலாம், கோயில் திருநாளைப் பற்றிப் பேசலாம். வாய்க்கு வந்தபடி அலட்டுவதற்கும் பொய்ச்சண்டை பிடிப்பதற்கும் எங்களிடம் அதில் சொற்கள் இருக்கவில்லை.

அப்பா வேலை செய்த அந்தக் கடை இப்போது கைத்தொலைபேசி விற்கும் கடை. பின்னறையை இடித்துப் பெருப்பித்துவிட்டார்கள். சென்ற ஆண்டு பாரிஸுக்கு வெளியே ஸ்தேனில் ஒரு திருமண மண்டபத்தில் ஜெனிற்றாவைக் கண்டேன். சேலையில் அழகாக இருந்தாள். என்னைக் கண்டதும் விரைந்து வந்து இரு கைகளையும் பற்றிக்கொண்டாள். இருவருக்கும் கண் கலங்கிவிட்டது.

"எப்பிடி இருக்கிறீங்கள்?" என்றாள்.

பிரெஞ்சில் நாங்கள் ஒருநாளும் ஒருவரையொருவர் மரியாதை வைத்துப் பேசியதில்லை.

"இருக்கிறன். நீங்கள்?"

"ஓம், சுகம். வேறை என்ன புதினம்?"

கைகளை விடாமலே நின்றோம். சொல்ல எவ்வளவோ இருந்தது.

"ஒரு புதினமும் இல்லை" என்றேன்.