வெள்வேலங்காய் உதிரும்போது

எங்கள் கொரங்காட்டில் யாரும் நட்டு வைக்காமலேயே ஒரு வெள்வேல மரம் நின்றது. கொரங்காடு என்றால் வெள்ளாமைக்கு உதவாத சரளை மண், சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே ஆடு மேயப் புல். ஆடு போட்ட புழுக்கையிலிருந்துதான் அந்த மரமும் முளைத்திருக்கும். சொட்டுத் தண்ணீர் கேட்காது, ஆனால் வளர்வதற்கு அவசரமும் படாது. அடிமரம் சுண்ணாம்பு பூசியது போல் வெளுத்திருக்கும். ஐப்பசி மழைக்கு இளமஞ்சள் பூ பொரி பொரியாகப் பூக்கும். வைகாசியில் காய் முற்றிப் பழுத்து, ஆனியில் உதிரும். கிட்டே போனால் முதலில் முள்தான் விசாரிக்கும்.

அப்பா ரிக் வண்டியில் டிரில்லர். ஆழ்துளைக் கிணறு போட வடக்கே போனால், அங்கே மழை இறங்கி வேலை நின்ற பிறகுதான் ஊர் திரும்புவார். எனக்கு அப்போது ஆறேழு வயது. அப்பா இல்லாத வீட்டில் சாயங்காலம்தான் பொல்லாதது. தெருவில் யார் வண்டிச் சத்தம் கேட்டாலும் ஓடிப்போய்ப் பார்ப்பேன், பார்த்துவிட்டு அழுவேன். போனில் பேசும்போது எப்போது வருவீர்கள் என்பதைத் தவிர எனக்குக் கேட்க வேறொன்றும் இருக்காது. ஒருநாள் கேட்டுக் கேட்டு அவரே சலித்துப்போய், "வெள்வேலங்காய் உதுந்துச்சுன்னா அப்பன் ஊட்டுல இருப்பேன் சாமி" என்றார்.

அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் நேராக மரத்தடிதான். அது பங்குனி மாதம். காய்கள் பச்சைப் பசேலென்று வளைந்து தொங்கின. மரத்துக்கோ என் கஷ்டம் எதுவும் உறைத்ததாகத் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பொறுமை போய்விட்டது. தொரட்டியைத் தூக்கிக்கொண்டு போய் எட்டிய கிளைகளையெல்லாம் இழுத்து உலுக்கினேன். கை முழுக்க முள் கீறல். காய் உதிர்ந்துவிட்டது, இனி அப்பா வரவேண்டியதுதான் பாக்கி. ஆடுகள் விருந்துக்கு வருவது போல ஓடி வந்தன. அவற்றுக்குப் பின்னாலேயே அம்மாவும் ஓடி வந்தாள்.

"ஐயோ, பச்சைக்காயத் தின்னா ஆடு செத்துப்போயிருமே! ஆரு சாமி இதப் பறிக்கச் சொன்னது?"

"அப்பாதான்" என்றேன். அவர் போனில் சொன்னதையும் சொன்னேன். இன்றைக்கே ரயில் ஏறிவிடுவார் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அடி விழும் என்று நின்றவளைப் பார்த்து அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். கீழே கிடந்த காய்களை வாரி வேலிக்கு அந்தப் பக்கம் வீசிவிட்டு, "ஆட்டையெல்லாம் பட்டீல அடைச்சுப்போட்டு வா சாமி" என்று என்னை அனுப்பினாள்.

அப்பா வழக்கம்போல ஆனி மாதம்தான் வந்தார். மரத்தை அண்ணாந்து பார்த்து, "ஏம்புள்ள, இந்த வருசம் காயே புடிக்கலையா?" என்று கேட்டார். "இல்லீங்க" என்றாள் அம்மா.

எனக்கு ஒன்று மட்டும் அப்போது விளங்கவே இல்லை. அன்றைக்கு ஆடுகளை அடைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது, எனக்கு எட்டாத உச்சிக் கிளைகளை அம்மா தொரட்டியால் இழுத்து இழுத்து உலுக்கிக்கொண்டிருந்தாள். ஆட்டுக்கும் ஆகாத காயை இவள் எதற்குப் பறிக்கிறாள் என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.